போட்டோவில் தூக்கி நின்ற கன்னம்

டைபாய்டு வந்து போனதில் என் உடம்பு பாதியாகிவிட்டது. கன்னத்துத் தோல் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. இருபத்தெட்டு வயதில் தாடைக்குக் கீழே தொங்கியது. சம்பந்தம் பேசுவதற்காக என்னைப் போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரப் பாவி சும்மா இருந்தாரா? டச்சப் செய்கிறேன் என்று நெகட்டிவில் பென்சிலால் என்னவோ தீற்றி, கன்னத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார். அந்தப் போட்டோவைத்தான் அப்பா ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அம்மாவுக்கு அந்தப் போட்டோவை நினைத்துத்தான் கவலை. வெள்ளிக்கிழமை காலையிலேயே, "போட்டோவுல இருக்க மாதிரி ஆக்கணும்டி உன்னைய" என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்போதுதான் திறந்திருந்த பியூட்டி பார்லருக்கு இழுத்துப் போனாள். எண்பதுகளில் எங்கள் ஊருக்கு அது புதுசு.

"ஊசி இல்ல, கத்தி இல்ல. கரண்டுதான். பயப்படாதீங்க" என்றார் பார்லர்க்கார அம்மா. பயப்படாமல் எப்படி இருப்பது? வயர் மாட்டிய இரண்டு உருளைகளைக் கன்னத்தில் வைத்து மேலே மேலே உருட்டினார். சுருசுருவென்று ஏறியது. வாயெல்லாம் தகரத்தை நக்கிய ருசி. அப்புறம் முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிக் காயவிட்டுக் கழுவினார். கண்ணாடியைப் பார்த்தால், அட, தூக்கித்தான் இருந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கும். சிரிக்காதீங்க, தலையக் குனியாதீங்க."

பெண் பார்க்க வரும் நாளில் குனியாமல் இருக்க முடியுமா? சபைக்கு வந்ததும், "பெரியவுக கால்ல விழுந்து கும்பிட்டுக்க தாயி" என்றாள் அத்தை. மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்தேன். குனிந்தபோதே கன்னம் இரண்டும் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். தோல் அவர் விரலில் மடிந்து நின்றது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பையிலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தார். காபி கொண்டுவந்த என் தங்கையைப் பார்த்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி.

"ஏனுங்க, போட்டோவுல இருக்கறது இந்தச் சின்னப் புள்ளைதானுங்களே? நாங்க இதைத்தானுங்க பாக்க வந்தோம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருக்கிற ஒரு சம்பந்தமும் போய்விடும். அம்மாதான் தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க, சின்னவ போட்டோதான்" என்றாள். பிறகு என்னிடம், "நீ உள்ள போம்மா" என்றாள். போனேன். வேறு என்ன செய்ய?

அந்தப் போட்டோ இன்றும் தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எப்போது போனாலும் அவள் பிள்ளைகள், "பெரியம்மா, எங்கம்மா அப்ப எவ்வளவு அழகு பாத்தீங்களா" என்று காட்டுவார்கள்.

"ஆமா அப்பு, ரொம்ப அழகு" என்பேன். தங்கை அந்நேரம் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.