லாஸ்யா பெயரில் ஒரு படகு

புவனாவைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சோறு போட்ட முதலாளியைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள் சிலர், விவரம் போதாதவள் என்கிறார்கள் சிலர். இரண்டும் பொய். அவளிடமும் அவளுடைய முதலாளி வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரு தரப்பும் மறுக்காததை மட்டும் எழுதுகிறேன். கோபம் வர அதுவே போதும்.

பெருந்துறையில் பிறந்தவள். கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலில் கடலைப் பார்த்தாள். பிறகு சென்னையில் பாய்மரப் படகு ஓட்டப் பழகி, தேர்வுகள் எழுதி, உல்லாசப் படகுகளுக்குக் கேப்டனாக இருக்கும் சான்றிதழை வாங்கினாள். கடலே இல்லாத இந்தப் பக்கம் வேலை தேடியபோது, "நொய்யல்ல போட் உடப் போறியா அம்மணி?" என்று சிரித்தார்கள். அந்தச் சான்றிதழ் போனால் அவளுக்குப் பிழைப்பு போயிற்று. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு வேலை கொடுத்தவர் பீளமேட்டில் பம்ப்செட் தொழிற்சாலை நடத்தும் கோபாலசாமி. அவருடைய மகன் தேஜா கொச்சியில் ஒரு யாட், அதாவது உல்லாசப் படகு, வாங்கினான். பாட்டி பெயரை வைத்துக் 'கனகம்' என்றார்கள். அந்தக் குடும்பத்தில் எது வாங்கினாலும் மகள் லாஸ்யா பெயரில்தான் வாங்குவார்கள். அவள் பிறந்த பிறகுதான் தொழில் தலையெடுத்தது என்று ஒரு நம்பிக்கை. லாரி, கார், சூலூர்த் தோட்டம் எல்லாம் அவள் பெயரில் இருக்கின்றன. எனவே படகும் அவள் பெயரில்.

லாஸ்யா கல்யாணமாகி அமெரிக்கா போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டவள். படகு இந்தியக் கொடியோடு ஓட வேண்டுமானால் இங்கே பதிவு செய்ய வேண்டும். அப்போதிருந்த விதிப்படி உடைமையாளர் இந்தியக் குடிமகனாகவோ இந்திய நிறுவனமாகவோ இருக்க வேண்டும். அதை அவரே எழுதி உறுதி கூற வேண்டும். பதிவு ஏஜெண்ட் இதைக் கேட்கத்தான் செய்தார். "எங்கக்கா சூலூர்ல பொறந்தவங்க. இந்தியா இல்லாம பின்ன சந்திர மண்டலமுங்களா?" என்றான் தேஜா. ஊருக்கு வந்திருந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்கு எழுந்துகொண்டே, லாஸ்யா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

புவனாவின் வேலை படகோடு நின்றது. அளவெடுக்க வந்த சர்வேயருக்கு ஏணி பிடித்தாள். பதிவு எண்ணைச் செதுக்க வைத்தாள். பின்புறத்தில் பெயரையும் 'கொச்சி' என்ற துறைமுகப் பெயரையும் எழுத வைத்தாள். உயிர்காக்கும் தெப்பம், ஆபத்தில் கொளுத்திக் காட்டும் வெளிச்சக் குச்சிகள், ரேடியோ லைசென்ஸ் எதற்கும் தேதி தாண்ட விட்டதில்லை. உடைமையாளரின் பாஸ்போர்ட்டை அவளிடம் யாரும் காட்டவில்லை.

டிசம்பரில் லாஸ்யா மறுபடி வந்தாள். தன் படகில் லட்சத்தீவு போக ஆசைப்பட்டாள். பயண அனுமதிக்காகப் பாஸ்போர்ட்டுகளை நீட்டினார்கள். லாஸ்யாவுடையது அமெரிக்கப் பாஸ்போர்ட். அதிகாரி அதைப் பார்த்தார், படகின் பதிவுச் சான்றைப் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்தார். படகு கரையிலேயே நிறுத்தப்பட்டது. பொய் உறுதிமொழி கொடுத்தது யார் என்று விசாரணை வந்தது.

கோபாலசாமி புவனாவைப் பீளமேட்டுக்கு அழைத்தார்.

"வாம்மணி, உக்காரு. காப்பி சாப்படறியா? அப்பாவுக்கு மூட்டு வலி தேவலையா?"

"பரவால்லீங்கய்யா."

"ஒண்ணுமில்ல கண்ணு. பேப்பரெல்லாம் நாந்தான் ரெடி பண்ணுனேன், பாப்பா படிக்காமக் கையெழுத்துப் போட்டுபோட்டாங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துரு. மத்தத வக்கீல் பாத்துக்குவாரு."

"நான் அந்தப் பேப்பரக் கண்ணுலயே பாக்கலீங்களே."

"அது எங்களுக்குத் தெரியாதா கண்ணு? ஆபீசுக்குச் சொல்றதுக்குத்தான்."

"எழுதிக் குடுத்தா என் சர்டிபிகேட்டப் புடுங்கிப்போடுவாங்கய்யா."

"புடுங்கட்டுமே," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேஜா. "சம்பளம் மாசாமாசம் வரும். ஊட்டுல உக்காந்து டிவி பாருங்க."

"சம்பளம் வாங்கிட்டு எதைங்க ஓட்டறது? உங்கூட்டு மிக்சியவா?"

கோபாலசாமி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "கேசு வந்தா பாப்பா இங்க வந்து போறதே செரமமாயிரும் அம்மணி. உனக்கென்ன, சின்ன வயசு. வேற வேலை கத்துக்கலாம்."

எனக்கு ஆறாத இடம் இதுதான். அவர் அதட்டியிருந்தால் எழுந்து போய்விடலாம். கண்ணு, அம்மணி என்று கூப்பிட்டு, காப்பி கொடுத்து, ஒரு பெண்ணின் பிழைப்பை எடுத்துத் தன் மகளின் கையெழுத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கப் பார்த்தார். ஊர் இதை மரியாதை என்கிறது. நான் அயோக்கியத்தனம் என்கிறேன். நம் பக்கத்தில் இப்படிக் கேட்கிற பெரியவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. அது அவருக்கும் தெரியும்.

புவனாவுக்கு வாய் வந்தது. "மன்னிச்சுக்குங்கய்யா, முடியாதுங்க," என்று எழுந்தாள். மறுநாள் கொச்சிக்குப் போய், அந்த உறுதிமொழியைத் தான் தயாரிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்று பதிவாளரிடம் எழுதிக் கொடுத்தாள். கேள்விகளுக்கு உள்ளதைச் சொன்னாள். ஏஜெண்டும் தான் யாரிடம் கேட்டேன், என்ன பதில் வந்தது என்று சொல்லிவிட்டார். அவள்மேல் குற்றமில்லை என்றார்கள். படகின் பதிவை ரத்து செய்தார்கள்.

உத்தரவு வந்தபோது தேஜா படகுத்துறையில் இருந்தான். புவனா பின்புறக் கொடிக்கம்பத்துக்குப் போனாள். மூலையில் மூவர்ணம் வைத்த சிவப்புக் கொடி, இந்திய வணிகக் கப்பல்களுக்கு உரியது.

"ஏனுங்க, இன்னிக்குச் செவ்வாக்கெழமை," என்றான் தேஜா. "நாளைக்கு எறக்கிக்கலாம்."

"பதிவில்லாத படகுல இது பறந்தா, கேப்டன் யாருன்னுதானுங்க கேப்பாங்க."

இறக்கினாள். ஈரமாக இருந்தது. மடித்து அவனிடம் நீட்டினாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கொடியை ஸ்டியரிங் முன்னிருந்த இருக்கையில் வைத்து, படகின் சாவியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரையேறினாள்.