பதினெட்டு கெஜக் கோடு

ருக்குமணி குடியிருந்தது டத்தோ கிராமாட்டில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில். பாய் விரித்தால் அடுப்புக்கு இடமில்லை, அடுப்பை வைத்தால் பாய்க்கு இடமில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரங்களில் இரண்டு தடவை, ஊரிலேயே பெரிய வீட்டை அவள் தன் கையால் கட்டினாள். எழுபதுகளில் ஸ்டேடியத்துக்குக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போன எல்லாரும் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். அது வீடு என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அவள் வேலை ஸ்டேடியத்துப் பாடாங்கில், அதாவது ஆட்டத் திடலில், கோடு போடுவது. சுண்ணாம்பைக் கரைத்துத் தள்ளுவண்டியின் தொட்டியில் ஊற்றி, பச்சைப் புல்லின் மேல் வெள்ளைக் கோடு விழும்படி தள்ளிக்கொண்டே போக வேண்டும். கேட்பதற்கு லேசான வேலை. தள்ளிப் பார்த்தால் தெரியும், முதல் நாளே வண்டி நம்மை இழுத்துக்கொண்டு கோணல்மாணலாகப் போகும். ருக்குமணிக்கு அது சொன்ன பேச்சைக் கேட்டது. கணவன் பழனியப்பன்தான் கேட்கவில்லை. லாரி ஓட்ட ஈப்போவுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் ஈப்போவிலேயே இன்னொரு குடும்பத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

காலையில் ஆளில்லாத நேரத்தில் அவள் தனியாகக் கோடு போடுவாள். கடல் பக்கமிருந்து காற்று வரும். எதிரே மலையின் தலையில் மேகம் முண்டாசு கட்டியிருக்கும். முதலில் நான்கு பக்கமும் சுவர் எழுப்புவாள். நடுவட்டம் அவளுக்குக் கூடம், விருந்தாளிகள் வந்தால் வட்டமாக உட்காரலாம். கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கட்டம் சாமி அறை. அதைச் சுற்றியுள்ள பெரிய கட்டம் அடுக்களை. இரண்டு பக்கமும் கோல் இருப்பதால் அடுக்களையும் இரண்டு. எதற்கு இரண்டு என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். கடல் பக்கத்தது மீன் குழம்புக்கு, மலைப் பக்கத்தது வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கு. வேலை முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு அறை அறையாக நடப்பாள். மகள் புஷ்பவள்ளிக்கு ஜன்னலோரத்தில் ஒரு அறை ஒதுக்கியாகிவிட்டது.

சாயங்காலம் இருபத்திரண்டு பேர் வந்து அந்த வீட்டை மிதித்துத் துவைப்பார்கள். அவளுக்குக் கோபமே வந்ததில்லை. அடுத்த வாரம் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

மிதிக்கிறவர்களில் ஒருவன் மட்டும் கோட்டைத் தாண்டிக் குதித்துப் போவான். அவன் பெயர் ராமதாஸ், வயது இருபத்திரண்டு, கிராமாட் பையன்களின் அணிக்கு முன்வரிசை ஆட்டக்காரன். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, மலைப் பக்கத்துக் கோலைப் பார்த்துத் தனியாக ஓடிக்கொண்டிருப்பான்.

"அக்கா, உங்க கோட்ட மிதிக்கல. பாத்துக்குங்க," என்று தூரத்திலிருந்தே கத்துவான்.

"மிதிச்சா கால ஒடைச்சிருவேன் லா!" என்பாள் இவள்.

அவர்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். ஆனாலும் அடுத்த மாதம் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ராமதாஸ் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, சொந்தத் தம்பிக்கு வேலை கிடைத்த மாதிரி அவள் சந்தோஷப்பட்டாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், அக்டோபர். கிராமாட் பையன்களுக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்த அணிக்கும் இறுதி ஆட்டம். அதற்கு முந்திய நாள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் ஓட்டப்பந்தயம் அங்கே நடந்தது. ஓடுதடம் போட வந்தவர்கள், மலைப் பக்கத்து அடுக்களையின் மூலைகளில் ருக்குமணி அடித்து வைத்திருந்த மரமுளைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். படித்தவர்கள் செய்கிற வேலை! முளை இருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுவாள். இல்லாவிட்டால் அளந்துதான் ஆக வேண்டும்.

அளப்பதற்கு இரும்பு டேப் ஒன்று அலுவலக அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்த கிராணி, அலுவலகக் குமாஸ்தா, காலைப் பசியாறப் போனவர் அன்றைக்குத் திரும்பவே இல்லை. ஆகவே தன்னுடைய கயிற்றை எடுத்தாள். மணிலாக் கயிறு, பதினெட்டு கெஜத்துக்கு ஒரு முடிச்சு. கோல் கோட்டிலிருந்து முடிச்சு விழும் இடத்தில் பெரிய கட்டத்தின் முன்கோடு. ஏழு வருஷமாக அந்தக் கயிறு பொய் சொன்னதில்லை.

காலையில் அளந்து போட்டாள், முளையடிப்பதை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். பன்னிரண்டு மணிக்கு மலை மேகம் முண்டாசை அவிழ்த்துக் கொட்டியது. மூன்று மணிக்கு மழை விட்டபோது பாடாங்கில் கோடு இல்லை, கயிறு புல்லில் கிடந்து ஊறிப் போயிருந்தது.

காதர் மண்டோர் குடையோடு ஓடி வந்தார். ஸ்டேடியம் தொழிலாளர்களுக்கு மேலாள் அவர்தான், முழுப்பெயர் அப்துல் காதர். "ருக்கு, நாலு மணிக்கு கேட்டு தொறக்கணும். கோடு எங்கம்மா?"

"போட்டதெல்லாம் மழையில போச்சுண்ணே."

"போனா மறுபடி போடு லா! பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. கோடு இல்லாட்டி ரெண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இல்ல."

அவள் ஈரக் கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்து, கோட்டைப் போட்டு முடித்தாள். நனைந்த கயிறு சுருங்கும் என்பது துணி காயப்போடுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ருக்குமணிக்கும் தெரியும். அன்றைக்கு அந்த அவசரத்தில் அது அவள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டத்தை அவள் படிக்கட்டுக்கு அடியில் நின்று பார்த்தாள். பட்டர்வொர்த் ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடிய ஏழு நிமிஷம் இருந்தபோது ராமதாஸ் பந்தோடு மலைப் பக்கம் பாய்ந்தான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், மூன்றாமவன் பின்னாலிருந்து காலை வெட்டினான். புல் பெயர்ந்து தெறிக்க அவன் விழுந்தான். கூட்டம் மொத்தமும் "பெனால்டி!" என்று எழுந்து நின்றது.

ரெபரி ஓடி வந்து குனிந்து பார்த்தார். பெயர்ந்த புல் பெரிய கட்டத்தின் கோட்டுக்கு வெளியே கிடந்தது. உள்ளே விழுந்தால்தான் பெனால்டி. பெனால்டி இல்லை, வெறும் ஃப்ரீ கிக் என்று கையைக் காட்டினார்.

ராமதாஸ் எழுந்து வந்தான். "உள்ளதான் சார்! எனக்குத் தெரியும் சார், என் காலுக்குத் தெரியும்!"

"கோடு அங்க இருக்கு, கண்ணு தெரியலியா?" என்றார் ரெபரி.

"கோடு தப்பு சார்!"

ஸ்டேடியம் சிரித்தது. கோடு தப்பாம்! சொந்த அணிக்காரனே தலையில் அடித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பில்தான் அவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் ரெபரியின் நெஞ்சில் தள்ளினான். சிவப்பு அட்டை, பிறகு விசாரணை, பிறகு மூன்று வருஷத் தடை. மாநிலப் பட்டியலில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். வாய்க்கொழுப்பு பிடித்தவன், தோற்றதும் கோட்டின் மேல் பழி போட்டவன் என்று காப்பிக் கடைகளில் பேர் விழுந்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். கயிறு காய்ந்திருந்தது. ருக்குமணி மலைப் பக்கம் முளையடிக்க மறுபடி அளந்தாள். முடிச்சு, நேற்றுப் போட்ட கோட்டின் மேல் விழவில்லை. ஒன்றரை அடி தள்ளி வெளியே விழுந்தது. அலமாரியைத் திறக்கச் சொல்லி இரும்பு டேப்பை வாங்கி வந்து அளந்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

நேற்றைய கோட்டுக்கும் உண்மையான கோட்டுக்கும் நடுவில், ராமதாஸ் விழுந்த இடத்தில், புல் பெயர்ந்து சிவப்பு மண் தெரிந்தது. அவன் உள்ளேதான் விழுந்திருக்கிறான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. புஷ்பவள்ளிக்கு வயது ஒன்பது, வேலையோ தினக்கூலி. துடைப்பத்தை எடுத்தாள். வாளித் தண்ணீர் ஊற்றித் தப்பான கோட்டைத் தேய்த்துக் கலைத்தாள். பெயர்ந்த புல்லை எடுத்து வைத்துக் காலால் அழுத்தி மிதித்தாள். இதைத்தான் அவள் பிற்பாடு தாங்க முடியாமல் நினைத்துக்கொண்டாள். கயிறு செய்தது தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், துடைப்பம் பிடித்தது யார்?

அதன் பிறகு கனவு வர ஆரம்பித்தது. பகலிலும் வந்தது, வண்டி தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்தது. அவள் கட்டிய வீட்டில் அடுப்பு எரியும், சாம்பார் கொதிக்கும். வாசற்படியில் ஒருவன் விழுந்து கிடப்பான். உள்ளே வா தம்பி என்று கூப்பிட வாயைத் திறப்பாள், குரல் வராது. அவன் எழுந்து, கோடு தப்பு என்று சொல்லிவிட்டுப் புல்லின் மேல் நடந்து மலையை நோக்கிப் போய்விடுவான். சாம்பார் பொங்கி வழியும். விழித்துப் பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் சுண்ணாம்பு குட்டையாகத் தேங்கியிருக்கும். கூடமும் சாமி அறையும் அவளுக்குப் பிடிக்காமல் போயின. வெறும் கோடு போட்டாள், சம்பளம் வாங்கினாள்.

ராமதாஸ் தடை முடிந்தும் விளையாட வரவில்லை. பாயான் பாருவில் கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான், அங்கே வேலை செய்யும் பெண்களை ஏற்றி இறக்குகிறான் என்று சொன்னார்கள். கண்காணாத ஊரிலா இருக்கிறான்? அரை மணி நேரப் பயணம். பதினோரு வருஷத்தில் நூறு தடவை அவள் போகக் கிளம்பியிருக்கிறாள், மனதுக்குள்.

தொண்ணூறாம் வருஷம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் விளையாட்டு நாள் ஸ்டேடியத்தில் நடந்தது. பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. ஓட்டுநர்கள் எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் கேட்டுக்கு வெளியே, பஸ்ஸின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். முன்பக்கம் வழுக்கை, கொஞ்சம் தொப்பை. ஆனாலும் காலை நீட்டி உட்கார்ந்த விதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. புஷ்பவள்ளி இப்போது வங்கியில் வேலை செய்கிறாள். பயப்பட ஒரு காரணமும் பாக்கி இல்லை. அப்படியும் பயமாக இருந்தது.

"தம்பி, உள்ள வாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கோட்டுக்கார அக்காவா! இல்லக்கா, நான் உள்ள வர்றதில்ல."

"ஒரு விஷயம் சொல்லணும். அங்க வச்சுத்தான் சொல்லணும்."

என்ன நினைத்தானோ, கையைக் கழுவிவிட்டு வந்தான். மதிய இடைவேளை. பாடாங் காலியாக வெயிலில் கிடந்தது. மலைப் பக்கத்துப் பெரிய கட்டத்தின் முன்கோட்டருகே அவனை நிறுத்தி, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முளை, மழை, கயிறு, மறுநாள் காலை, துடைப்பம். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்றான்.

"ஒன்றரை அடி. நீங்க உள்ளதான் விழுந்தீங்க."

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "மொத ரெண்டு மூணு வருஷம் சண்டை போட்டேன்கா. பாக்குறவங்கிட்டல்லாம் உள்ளதான் உள்ளதான்னு. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்திருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி என் ஒய்ஃப் கேட்டா. தோத்த கோவத்துல பொய் சொல்லிட்டேன்னு சொன்னேன். அதையே நம்பிட்டேன். என்னை நானே பொய்யன்னு நம்பிட்டேன்கா."

"மன்னிச்சிருங்க தம்பி."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வேலை போயிரும்னு பயந்தேன்."

"என் ஆட்டம் போயிருச்சேக்கா," என்றான் அவன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சின்னப் பிள்ளை பொருளைத் தொலைத்துவிட்டுச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். அவள் அழுதாள்.

அவன் கோட்டுக்கு உள்ளே ஓரடி எடுத்து வைத்து, அங்கே குந்தி உட்கார்ந்து புல்லைத் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"அக்கா, ரெபரி நின்ன எடத்துல போய் நில்லுங்க."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் போய் நின்றாள்.

"கையக் காட்டுங்க. பெனால்டி குடுத்தா எப்பிடிக் காட்டுவாங்க, பாத்திருக்கீங்கல்ல? அந்தப் புள்ளியக் காட்டுங்க."

ருக்குமணி வலது கையைத் தூக்கினாள். சுண்ணாம்பில் வெந்து காய்த்துப் போன கை. கோலுக்கு முன்னால் தன் கையாலேயே வைத்த வெள்ளைப் புள்ளியை நோக்கி அதை நேராக நீட்டினாள். நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவள் கையை இறக்கவில்லை.

ராமதாஸ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருந்திச்சுக்கா," என்றான்.

அவளுக்குத் தோள் வலித்தது. போதும் என்று அவன் சொல்கிறவரைக்கும் இறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். அவன் சொல்லவில்லை.