விலை கேட்டுவிட்டுப் போகிற மிஷின்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வெளியே சாக்கு விரித்துக் காய் விற்று வளர்த்தேன். யாரிடமும் கை நீட்டவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் காய் விற்ற காசில் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினேன். எங்கள் ஆட்கள் அடுத்தவன் நிலத்தில் நடவு நட்டவர்கள். எனக்கு முன்னால் எவர் பேரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. இப்போது அதற்கு இரண்டு பக்கமும் ஒரே ஆளின் குடோன் வந்துவிட்டது. நடுவில் என்னுடையது மட்டும் முள் மண்டிக் கிடக்கிறது. கிடக்கட்டும். அதை விற்கச் சொல்லி என் கடைசி மகன் மழைக்காலத்திலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அவன் கம்ப்யூட்டர் படித்தவன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டு மாடியில் ஒரு சிநேகிதனோடு உட்கார்ந்துவிட்டான். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனால் இரண்டு பேரும் தலையைத் தூக்கமாட்டார்கள். காலில் சிப்ஸ் பாக்கெட் மிதிபடும். ஜன்னலைத் திறந்து எத்தனை நாளானதோ, வேர்வை நாற்றம். திரை முழுக்க எண்கள், சிவப்பாகும், பச்சையாகும். அழுகின தக்காளிக் கூடையைத் திறந்த மாதிரி இருக்கும்.

என்ன வியாபாரம் என்று கேட்டேன். காயின் என்றான். கையில் பிடிக்க முடியாத காசாம், உலகம் முழுக்க ராப்பகலாக விலை ஏறி இறங்குமாம். அதை இவன் வாங்கி விற்கமாட்டானாம். இவனுக்குப் பதிலாக ஒரு மிஷின் யோசித்து வாங்கி விற்குமாம். ஏஜென்ட் என்று அதற்குப் பேர். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மிஷினுக்கு வெளியே விற்கிற விலை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அதுக்கு தானா தெரியாதும்மா. மொதல்ல கேட்டா பழைய வெலய சொல்லும். இல்லாங்காட்டி அதுவா ஒன்னு அடிச்சி உடும். அதான் இப்போ ஒரு டூல் பண்ணிக் குடுத்துகீறோம். அது போயி மார்க்கெட்டாண்ட கேட்டுகினு வந்து, அப்பால பேசும்."

வீட்டில் ஒரு பொய்க்காரனை வைத்திருக்கிறோம் என்பதைக் கூச்சமில்லாமல் சொன்னான். என் கடையில் ஒரு ஆள் விலையை மாற்றிச் சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். இவர்கள் அதற்கு ஒரு கருவியைச் செய்து கையில் கொடுத்திருக்கிறார்கள். நிலத்தை விற்றால் அந்தப் பணத்தையும் அதன் கையில் கொடுப்பார்களாம். முடியாது என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். மகன் போனைக் கொண்டுவந்து என் முறத்தில் வைத்தான்.

"நீயே பேசிப் பாரும்மா, தமிழ்லயே பேசும். எங்கம்மா இன்னா சொன்னாலும் நான் சொன்ன மாறின்னு அதுக்கு சொல்லி வெச்சிகீறேன்" என்றான்.

எனக்கு மரியாதை செய்கிறானாம்.

காயின் என்ன விலை என்று கேட்டேன். குழைகிற பெண் குரலில் அம்மா அம்மா என்று ஒரு விலை சொன்னது. இன்னொரு தரம் கேளுங்கள் என்றான் சிநேகிதன். கேட்டேன், வேறு விலை. மறுபடியும் கேட்டேன், அதுவும் வேறு. ஒவ்வொரு தரமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறதாம். நாள் முழுக்க அதற்கு இதுதான் வேலையாம். இத்தனை தரம் கேட்டதே, ஏதாவது வாங்கியதா என்றேன். இல்லை, கேட்பதோடு சரி என்றான்.

எனக்கு உடம்பு கூசியது. கடை விரித்து உட்கார்ந்தவளுக்குத்தான் அது தெரியும். காலையில் நடக்கிற முதல் வியாபாரம் போணி. போணி ஆகாத கடையில் வந்து விலை கேட்டால் கால் கிலோவாவது வாங்க வேண்டும். கேட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனால் அன்றைக்கு முழுக்கக் கடை விளங்காது. அப்படிப் போனவர்களை நான் சும்மா விட்டதில்லை, பஸ் ஏறுகிறவரைக்கும் வாழ்த்தி அனுப்புவேன். கத்தரிக்காயை நகத்தால் கிள்ளிவிட்டுப் போகிறவள்கூட வெயிலில் நடந்து வந்தவள். இது நடக்கவும் இல்லை, கிள்ளவும் இல்லை. கடை கடையாகக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"இந்தா, காலங்காத்தால வெல கேட்டுட்டு வெறுங்கையோட வர்ற பழக்கம் இந்த ஊட்ல கெடையாது. கேட்டா வாங்கிகினுதான் வரணும்."

சரி அம்மா என்றது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஷினுக்கே போணி சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்று மகன் என் தோளைத் தட்டினான். அதற்குள் சிநேகிதன் தன் போனைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"மச்சான், வாங்கிடுச்சிடா."

"எவ்ளோக்கு?"

"இருந்த மொத்தத்துக்கும்."

முதல் நாள் சாயங்காலம்தான் வாங்குவதற்கான கருவியையும் அதற்குக் கொடுத்திருந்தார்களாம். இவன் சரி என்று சொன்ன பிறகுதான் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் சொன்னால் இவன் சொன்ன மாதிரி என்றும் சொல்லி வைத்திருந்தானே. நான் சொன்னேன், அது கேட்டது.

மகன் போனை எடுத்து அமுக்கு அமுக்கு என்று அமுக்கினான். எனக்கு வேறொன்று உறைத்தது. வேலையை விட்டவன், பெட்ரோலுக்கு என்னிடம் வாங்குகிறவன். மொத்தம் என்று சொல்ல இவனிடம் என்ன இருந்தது?

"ஏதுடா உனுக்கு துட்டு?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். சிநேகிதன் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனான். நான் இன்னொரு தரம் கேட்கவில்லை. நார் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"அட்வான்ஸும்மா" என்றான் கடைசியில். "குடோன்காரர் குடுத்தாரு. நீ எப்டியும் கையெழுத்து போட்ருவன்னு..."

என் நிலத்துக்கு என்னைக் கேட்காமல் முன்பணம் வாங்கியிருக்கிறான். அந்த மிஷினாவது என் பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்தது. பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்து அழுதான். தொட்டுத் தேற்ற எனக்குக் கை வரவில்லை. பல்லி விழுந்த சோற்றைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தேன். எழுந்துபோய்க் கை கழுவினேன்.

சாயங்காலத்துக்குள் அந்தக் காயின் விலை சரிந்தது. அதையும் அதே குழைகிற குரல்தான் சொன்னது. பயந்துபோய் விற்றான், போட்டதில் பாதிகூடத் தேறவில்லை. மறுநாளே குடோன்காரருக்குக் காதில் விழுந்து, பத்திரம் எழுதிக் கொடு, இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று நின்றார். மகன் நேரே என்னிடம் வராமல் என் பெரிய மகளைக் கொரட்டூரிலிருந்து கூட்டி வந்தான். ஒரு கையெழுத்துப் போட்டால் தம்பி பிழைத்துக்கொள்வான் என்று அவள் என் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

எனக்கு எழுத்து கூட்டிப் படிக்க வராது. பேரை மட்டும் எழுதுவேன். நிலம் வாங்கின அன்றைக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று சிலேட்டில் எழுதி எழுதிப் பழகினேன். அந்தக் கையெழுத்தை இதற்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். பைக்கை விற்றான். பழையபடி அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறான், அந்த அட்வான்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனே அடைக்கிறான். என் வீட்டில் சாப்பாடு உண்டு அவனுக்கு, பேச்சு கிடையாது.

போன வாரம் குடோன்காரர் காரில் ஆப்பிளோடு வந்தார். விலையை ஏற்றிக் கொடுக்கிறேன், நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்றார். விற்கிற பொருளுக்குத்தான் விலை சொல்லுவேன் என்று ஆப்பிளோடு அனுப்பினேன். நான் இருக்கிறவரைக்கும் அது என் பேரில் இருக்கும். எனக்குப் பிறகு ஐந்து பேருக்கும் சமம். அதுவரைக்கும் முள் முளைக்கட்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதினது பெரிய மகளின் பெண். எழுதும்போது மாமனுக்காக இரண்டு இடத்தில் பேனாவை நிறுத்தினாள், பார்த்தேன்.

"எதையும் உட்டுடலியே? எங்க, மொதல்லேர்ந்து படி. இன்னிக்கு லீவு, உங்க மாமன் மாடிலதான் கீறான். சத்தமா படி."