அக்காவும் மூட்டைத் தராசும்

உலகத்தில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற பழைய பேப்பர்க் கடைக்காரர் மகள்கள் எல்லாரிலும் அக்காதான் ஒசத்தி. ஒரு கட்டுப் பேப்பரைத் தூக்கியதுமே "ஏழே கால்" என்பாள். தராசும் ஏழே கால் காட்டும். காட்டாவிட்டால் அப்பா தராசைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பதினாறு வயதில் தன் எடை மட்டும் பெரும் பாரமாகிவிட்டது. காரணம் மாமா. கடைக்கு வந்தவர், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குனிந்திருந்தவளைப் பார்த்து, "அடடே, நீயாம்மா? மூட்டைன்னு நெனச்சுத் தராசுல ஏத்தப் பார்த்தேன்" என்றார். கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது தம்பி. பதினாலு வயது, நல்ல பையன், பார்க்கவும் லட்சணம்; வேறென்ன சொல்ல.

அன்றோடு அக்காவுக்கு ராத்திரிப் பசி போய்விட்டது. காலையில் கடை திறக்குமுன் செருப்பு, வளையல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றி வைத்து, மூச்சையும் வெளியே விட்டுவிட்டு, மூட்டைத் தராசில் ஏறுவாள். ஐம்பத்தெட்டு. ஐம்பதைத் தொட்டால்தான் ராத்திரிச் சாப்பாடு என்று சபதம்.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். தராசின் முதுகில் ஒரு திருகு உண்டு. தளர்த்தினால் முள் குறைத்துக் காட்டும். காலித் தராசில் முள் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் ஓர் ஆணி தடுத்துவிடும், அதனால் யாருக்கும் தெரியாது. அக்கா வருமுன் திருப்புளியால் தளர்த்துவான், இறங்கிப் போனதும் முறுக்கிவிடுவான்.

முதல் நாளே ஒரு கிலோ குறைந்தது. சந்தோஷத்தில் சாப்பிட வருவாள் என்று தட்டு வைத்துக் காத்திருந்தான்.

"பட்டினி வேலை செய்யுதுடா!" என்று அவள் மத்தியானச் சாப்பாட்டையும் நிறுத்தினாள்.

போச்சு.

ஒரு வாரத்தில் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பயந்துபோன தம்பி மறுநாள் திருகை ஒரேயடியாகத் தளர்த்திவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினான். அக்கா ஏறினாள். முள் சரியாக ஐம்பதில் நின்றது.

அவள் குதிக்கவில்லை. இறங்கி, மூலையில் கிடந்த இருபது கிலோ இரும்பு எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

"ஐயோ பாவம், பதினாலுதான் காட்டுது. இந்தக் கல்லும் ராத்திரி சாப்பிடாமப் படுக்குது போல."

மூட்டைகள் மூச்சு விடவில்லை.

"வாடா வெளியே. திருப்புளியையும் எடுத்துக்கிட்டு."

வந்தான்.

"எதுக்குடா இந்த வேலை?"

"அன்னைக்கு... நானும் சிரிச்சேன்ல."

அக்கா சட்டென்று அவனை இடுப்போடு கட்டித் தூக்கினாள், மூச்சு வாங்க இறக்கினாள்.

"முப்பத்தொம்பதரை."

"அதுக்கென்ன?"

"போன வாரம் நாப்பத்தொண்ணு இருந்தே. ஒன்றரைக் கிலோ எங்கடா போச்சு? எனக்குத் தட்டு வச்சுட்டு நீயும் சாப்பிடாமலா உக்காந்திருந்தே?"

தம்பி திருப்புளியைப் பார்த்தான்.

"போய் அம்மாகிட்டச் சொல்லு, மூணு தட்டு வைக்கணும்னு. கல்லுக்கும் சேர்த்து."