பாண்டுரங்காராவ் தூங்காத படம்

தெனாலியில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பது வெள்ளிக்கிழமை மதியமே தெரிந்துவிடும். அதற்கு ஒருவர் தூங்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடை பாண்டுரங்காராவ்.

அவர் ஒன்றும் சினிமாப் பைத்தியம் அல்ல. எந்த நாயகனுக்கும் தேங்காய் உடைத்ததில்லை, கட் அவுட்டுக்குப் பால் ஊற்றியதில்லை. கடைத்தெரு ஞாயிறு மூடும். இவர் கடை மட்டும் வெள்ளி மூடும். அன்று வீட்டில் மனைவி அனசூயாவின் லட்சுமி பூஜை. கூட இருந்தால் பரண்மேல் ஏறி வெள்ளிச் சாமானை இறக்கச் சொல்வாள். ஆகவே சத்யவாணி தியேட்டர், காலைக் காட்சி, பால்கனியில் கடைசி வரிசை, தூணை ஒட்டிய இருக்கை. படம் அவரைத் தொந்தரவு செய்யாவிட்டால் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிடுவார். தொந்தரவு செய்தால் கொட்டக்கொட்ட விழித்திருப்பார். ஊருக்கும் அதே ருசி போலிருக்கிறது. அவர் தூங்கிய படங்கள் வாரக்கணக்கில் ஓடின. விழித்திருந்த படங்கள் திங்கட்கிழமை பெட்டி கட்டின.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பால்கனியில் டார்ச் பிடித்து இடம் காட்டும் மஸ்தான் வலி. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சத்தை ஒரு தடவை பாண்டுரங்காராவின் முகத்தில் அடித்துப் பார்ப்பார். பிறகு படியிறங்கி, மேட்னிக்குக் காத்திருக்கும் கூட்டத்திடம் போய், "சார் மட்டை!" என்பார். விசில் பறக்கும். டிக்கெட் வரிசை தெருமுனை வரை நீளும். இதற்குத்தான் ஊரில் 'டாக்' என்று பெயர். ஹைதராபாத்தில் டாக்கைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறார்களாம். தெனாலிக்குப் பாண்டுரங்காராவின் குறட்டை போதுமானதாக இருந்தது.

இதில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. அவரிடம் அபிப்பிராயங்கள் இருந்தன. நிறையவே இருந்தன. கடைக்குக் கண் காட்ட வருகிறவர்களின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அவர்கள் நகர முடியாத அந்த நேரத்தில் அவற்றைச் சொல்வார்.

"படம் முழுக்க இருட்டு, பாத்தீங்களா? கதவைத் திறந்தாலும் இருட்டு, ஜன்னலைத் திறந்தாலும் இருட்டு. பாத்துட்டு வந்தவங்க எல்லாம் கண்ணு கெட்டுப்போச்சுன்னு என் கடைக்கு வர்றாங்க. எனக்கு வியாபாரம்தான். ஆனா படம் மோசம்."

இரண்டு பாகப் படங்களைப் பற்றி: "கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, தாலி மட்டும் அடுத்த வருஷம்னு அனுப்பிவைக்கிறான்."

சங்கராந்திக்கு வந்த வெட்டுக்குத்துப் படத்தைப் பற்றி: "அம்மா செத்துப்போனா இவன் அழமாட்டான். இருபது பேரை வெட்டிட்டுத்தான் அழுவான். எங்கம்மா செத்தப்ப நான் யாரை வெட்டினேன்?"

வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் படித்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் ராவ் காரு, தூங்கினீங்களா இல்லையா?" என்பார்.

ஆக, ஊரில் அதிக மரியாதை இருந்தது அவருடைய தூக்கத்துக்கு. அவருடைய வாய்க்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டில் மட்டும் நிலைமை வேறு. அங்கே கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தான், சக்ரதர். அனசூயாவின் தம்பி. அப்பா அம்மா போனபிறகு பள்ளிக்கூடக் காலத்திலேயே அக்கா வீட்டுக்கு வந்து வளர்ந்தவன். அக்கா புருஷன் அவனுக்குப் பாவா. பாவாவும் மைத்துனனும் இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் சினிமாப் பேச்சு கை காய்ந்த பிறகும் ஓடும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவன் கெட்டுப்போனான் என்று அனசூயா சொல்வாள். ஹைதராபாத் போய் உதவி இயக்குநராகச் சேர்ந்தான். பிறர் படங்களுக்குக் குடை பிடித்தே தலை நரைத்தது. கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. கடைசியில் ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார். நாற்பத்து மூன்று வயதில் முதல் படம்.

வெளியாவதற்கு முந்தின நாள் போன் செய்தான்.

"பாவா, ஒண்ணு கேக்கணும். படம் எப்படி இருந்தாலும் சரி, நாளைக்கு நீங்க தூங்கிடணும்."

"முயற்சி பண்ணித் தூங்கறதுக்கு நான் என்ன நடிகனாடா?"

"நடிகனுங்கதான் நடிக்கவே மாட்டேங்கறானுங்களே. நீங்களாவது நடிங்க." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் சொந்த ஊர்லயாவது நிக்கட்டும், அடுத்த படம் பேசலாம்னு தயாரிப்பாளர் சொல்லியிருக்காரு. இல்லாட்டி…"

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஒண்ணுமில்ல. இந்த வயசுல எவனும் என்னைத் திரும்பவும் உதவிக்கு வெச்சுக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை நான் வரேன். அக்காவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

அனசூயா போனை வாங்கி, "படத்துல சண்டை இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "அப்ப யார்டா பாப்பாங்க?" என்றாள். பிறகு லட்சுமி படத்துக்கு முன்னால் போய் நின்று தம்பிக்காக வேண்டிக்கொண்டாள். படம் ஓட வேண்டும் என்று வேண்டினாளா, தன் புருஷன் தூங்க வேண்டும் என்று வேண்டினாளா என்பது அவளுக்கும் லட்சுமிக்கும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே இலை போட்டாள். தோசக்காய்ப் பப்பு, நெய் விட்ட ஆவக்காய்ச் சோறு, அதற்குமேல் தயிர்சாதம் இரண்டு தடவை.

"போதும்டி, நடக்க முடியாது."

"நடக்கவா போறீங்க? தூங்கத்தானே போறீங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க."

எதிர்த் தியேட்டரில் பெரிய நாயகனின் படம் இரண்டாம் வாரத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே டிக்கெட் கிடைக்காதவர்களும், சக்ரதரோடு படித்த சிலரும், ஏசிக்காக வந்தவர்களுமாகச் சத்யவாணி பாதிகூட நிறையவில்லை. பாண்டுரங்காராவ் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்தார். முதல் பாதியைக் கண்ணை மூடித் திறந்து ஒப்பேற்றினார். படம் அவர் பயந்த அளவுக்கு மோசமில்லை. அவர் பார்த்துப் பழகிய எதையும் போலவும் இல்லை. ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு அக்கா புருஷன். இடைவேளைக்கு முன் இடிகூட இடிக்கவில்லை. இடைவேளையில் மஸ்தான் அருகில் வந்து, "சார், மச்சான் படமாமே. கவலைப்படாதீங்க, மெதுவா வரேன்" என்றார். மெதுவாக என்றால் நன்றாகத் தூங்கிய பிறகு என்று அர்த்தம். சொந்தக்காரன் என்பதற்காக மஸ்தான் பொய் சொல்லமாட்டார். அவகாசம் மட்டும் கொடுப்பார்.

இடைவேளை முடிந்தது. பாண்டுரங்காராவ் தூணில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வாயைக்கூட லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார். இப்படியே இருந்தால் போதும்.

திரையில் யாரோ பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

பழக்கமான சத்தம். கண்ணைத் திறந்தார். ஒரு சமையலறை. அக்கா தரையில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து, அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றுகொண்டிருக்கிறாள். கூடத்தில் இரண்டு ஆண்கள் சினிமாவைப் பற்றிப் பேசிச் சிரிக்கும் குரல் மட்டும் கேட்கிறது. கேமரா அங்கே போகவில்லை. அவள் ஒரு வாய் தின்கிறாள். கூடத்தில் சிரிப்பு. அப்பளம் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். இல்லை. மூடுகிறாள். "ஏமண்டி, தண்ணி வேணுமா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி சிரிப்பு.

அவ்வளவுதான். அது போய்க்கொண்டே இருந்தது.

"ஆபரேட்டரு! படம் மாட்டிக்கிச்சாடா?" என்று கீழிருந்து ஒருவன் கத்தினான்.

"சாப்பிட்டு முடிக்கட்டும்டா, பாவம், பசிக்குதாம்!" என்றான் இன்னொருவன். தியேட்டரே சிரித்தது.

பாண்டுரங்காராவ் சிரிக்கவில்லை. அந்த அப்பள டப்பா நீல நிறம். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் நசுங்கியது. அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. திரையிலும் அப்படியே இருந்தது. எத்தனையோ வருடங்களாக அந்தக் கூடத்தில் அவர் சொன்ன அபிப்பிராயங்களில் ஒன்றுகூட அவருக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. அனசூயா எப்போது சாப்பிடுவாள் என்று யோசித்துப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை.

வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மஸ்தானின் டார்ச். கண்ணை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது காரியம் முடிந்திருந்தது.

"ஐயோ, சார்!" என்றார் மஸ்தான் மெதுவாக. டார்ச்சை அணைத்துவிட்டு, சாவுச் செய்தி சொல்லப் போகிறவரைப் போலப் படியிறங்கினார்.

படம் முடிந்து பாண்டுரங்காராவ் வெளியே வந்தபோது மேட்னி வரிசையே இல்லை. எல்லோரும் எதிர்த் தியேட்டர் வாசலில் நின்றார்கள். செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது: சார் தூங்கவில்லை, அது மட்டுமா, கண்ணில் தண்ணீர் வேறு. விழித்திருந்த படமே ஓடாது. அழவைத்த படத்தை என்ன சொல்ல?

போனில் படம் பிடித்து இணையத்தில் போடும் பிரவீண் மைக்கை நீட்டினான். "சார், சொல்லுங்க. அவ்வளவு கொடுமையா?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவருடைய அபிப்பிராயத்தை ஊரில் ஒருவன் கேட்கிறான். பாண்டுரங்காராவ் தொண்டையைச் செருமினார்.

"படம் நல்லா இருக்கு. நான் தூங்காததே நல்லா இருந்ததாலதான். இதுவரைக்கும் நான் தூங்கின படத்துல எதையுமே நான் பாக்கல. இதைத்தான் பாத்தேன்."

கூட்டத்தில் யாரோ, "மச்சானுக்காகப் பேசறாரு பாவம்" என்றார்கள்.

"இல்லய்யா, நிஜமாத்தான் சொல்றேன். நீங்க போய்ப் பாருங்க, அந்தச் சமையல்கட்டுக் கட்டம் ஒண்ணு…"

"ராவ் காரு, பொண்ணு கொடுத்த வீட்டுக்கு இவ்வளவு விசுவாசமா! எங்க வீட்டு மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புத்தான். அதை எதிர்த்துப் பேசுவது இன்னும் கஷ்டம். பிரவீண் மைக்கை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். மஸ்தான் அவர் தோளைத் தொட்டு, "பொய் உங்களுக்கு வராது சார். விடுங்க" என்று தேற்றினார்.

சனிக்கிழமை சாயங்காலம் சத்யவாணியில் சுவரொட்டி மாறியது. எதிர்த் தியேட்டர் படத்தையே இங்கேயும் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சக்ரதர் வந்தான். ஸ்டேஷனிலிருந்து தியேட்டர் வழியாகத்தான் நடந்து வந்திருந்தான். கேட்க எதுவும் இல்லை. அனசூயா புதுப்புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அதை மடித்து உள்ளே வைத்தாள்.

மத்தியானம் இரண்டு ஆண்களும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"நீயும் உக்காரு," என்றார் பாண்டுரங்காராவ்.

அனசூயா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "என்ன புதுசா? சாப்பிடுங்க, கோங்குரா ஆறிப்போகுது."

"உக்காருன்னா."

"பரிமாற உங்கப்பா வருவாரா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சக்ரதர் சோற்றைப் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டான். "தூங்கலையாமே, பாவா?"

"தூங்கலடா. ஏன்னா…"

"சரி விடுங்க."

"இல்லடா, கேளு. படம் நல்லா இருந்துச்சு. அந்தச் சமையல்கட்டு…"

சக்ரதர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "ஊருக்குச் சொன்னதையே எங்கிட்டயும் சொல்லணுமா? எத்தனை வருஷமா உங்களைப் பாக்கறேன். நல்லா இருந்தா தூங்கியிருப்பீங்க." கோபமில்லை. டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்ட நோயாளியின் குரல். "எடிட்டரும் சொன்னாரு, அந்தக் கட்டத்தை வெட்டிடுன்னு. நான்தான் கேக்கல."

பாண்டுரங்காராவ் வாயைத் திறந்தார். உலகத்தில் இருக்கும் படங்களைப் பற்றியெல்லாம் பேசத் தெரிந்த வாய். அதற்கு இந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நம்ப ஆளில்லை.

சக்ரதர்தான் பேச்சை மாற்றினான். "எதிர்ல ஓடுதே, அது எப்படி? பாத்தீங்களா?"

"போன வாரம் அங்கேயே போய்ப் பாத்தேன்."

"தூங்கினீங்களா?"

"நல்லா."

"அதான் ரெண்டு தியேட்டர்ல ஓடுது."

"அதுல இடைவேளைக்கு முன்னாடி ஒரு இடம்டா," என்றார் பாண்டுரங்காராவ், வேறு வழி தெரியாமல். "ஹீரோ ரயிலைக் கையால நிறுத்தறான். நிறுத்திட்டு டைம் கேக்கறான். ரயில் லேட்டாம்."

சக்ரதர் சிரித்தான். அவரும் சிரித்தார். ஒன்றைச் சொன்னார், இன்னொன்றைச் சொன்னார். இலையில் கை காய்ந்துகொண்டிருந்தது.

"ஏமண்டி, மோர் வேணுமா?" என்று உள்ளிருந்து அனசூயா கேட்டாள். பாண்டுரங்காராவுக்குக் கேட்டது. பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சக்ரதர் அந்த ரயிலைப் பற்றி ஏதோ கேட்டான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.