பீஸ் கட்டை என் பாக்கெட்டில் இருந்தது

எங்கள் பக்கத்தில் ஷட்டவுன் நாளுக்கென்று ஒரு மரியாதை உண்டு. மின்துறைக்காரர்கள் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துவார்கள். வீடுகளில் முதல் நாளே மாவரைத்து, தொட்டி நிரப்பி வைத்துக்கொள்வார்கள். ஆலைகளில் அன்றைக்குத்தான் மெஷினைப் பிரிப்பார்கள். வேறு நாளில் நிறுத்தினால் முதலாளிக்கு வயிறு எரியும். திருமலைராயன்பட்டினத்துக்கு மேற்கே நான் ஃபிட்டராக இருக்கும் அரிசி ஆலையிலும் இதுதான் வழக்கம்.

ஆலையில் நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். அதன் புகையை உறிஞ்சிப் புகைபோக்கிக்குத் தள்ள ஒரு பெரிய புளோயர் இருக்கிறது. நத்தை ஓடு மாதிரி வளைந்த இரும்புக் கூடு. உள்ளே என் நெஞ்சுயரத்துக்குப் பிளேடுகள் வைத்த சக்கரம். உமிச் சாம்பல் பிளேடுகளில் ஒட்டி இறுகிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஒட்டினால் பரவாயில்லை, அப்படி ஒட்டாது. ஒரு பக்கம் கனம் கூடும், சக்கரம் ஆடும், அடியில் போல்ட் தளரும், பேரிங் கத்தத் தொடங்கும். அதனால் மாதாமாதம் கூட்டின் கதவைத் திறந்து ஒருவர் உள்ளே குந்திச் சுரண்ட வேண்டும்.

அந்த ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர். அதே ஆலையில் என்னைவிட மூத்த ஃபிட்டர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒல்லி உடம்பு, கதவில் புகுந்துவிடுவார். எனக்குத் தொப்பை. “உங்க அம்மா சோறு உன்ன ஊத வச்சிருக்கு, உங்க அக்கா சோறு என்ன வத்த வச்சிருக்கு” என்பார். இதை அக்கா காதில் விழும்படி ஒருநாளும் சொன்னதில்லை.

கரண்ட் இல்லை என்பதற்காக நாங்கள் சும்மா உள்ளே போய்விட மாட்டோம். புளோயருக்குரிய பீஸ் கட்டைகளைப் பிடுங்கி என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். மாமா வெளியே வரும்வரை அவை என்னிடம்தான் இருக்கும். சில மாதம் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடும். யாராவது அவசரத்தில் பட்டனைத் தட்டினாலும் சக்கரம் அசையாது. இதில் எங்களுக்குக் கொஞ்சம் மிதப்புகூட உண்டு.

அன்றைக்கு நல்ல வெயில். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மாமா சக்கரத்தில் பாதியைச் சுரண்டியிருந்தார். ஒரு பிளேடு முடிந்ததும் சக்கரம் சுழலாமலிருக்க முட்டுக் கொடுத்த மரக்கட்டையை அவர் எடுப்பார், நான் வெளியே சக்கரத்தின் அச்சில் இருக்கும் புல்லியைப் பிடித்து அடுத்த பிளேடு வரும்படி திருப்புவேன், அவர் மறுபடி கட்டையைச் செருகுவார். கட்டையை எடுத்த அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று திரும்பியது.

பாய்லரில் முந்தின நாள் கங்கு இன்னும் அடங்கவில்லை. புகைக் குழாயை அடைக்கும் தகடு உப்புக் காற்றில் துருவேறிப் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று கேட்டு எங்கள் வாய்தான் வலித்தது. புகைபோக்கி இழுத்த இழுப்பில் சக்கரம் மெல்ல நகர்ந்தது. சுரண்டாத கனமான பாதி மேலே இருந்தது. அது கீழே இறங்க ஆரம்பித்தால் என் கைக்கு அடங்குமா? புல்லி என் உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. உள்ளே மாமா ஒரே ஒரு முறை கத்தினார்.

பிளேடுக்கும் கூட்டின் விளிம்புக்கும் இடையில் அவருடைய வலது முன்கை மாட்டியிருந்தது. நான் புல்லியின் மேல் உடம்பையே சாய்த்தேன். சக்கரம் மேற்கொண்டு நகராமல் நின்றது. பின்னால் திருப்பப் பார்த்தேன், இம்மிகூட அசையவில்லை. விட்டால் இன்னும் இறுக்கும்.

“மாப்ள, புடிச்சிருக்கியா?”

“புடிச்சிருக்கேன் மாமா.”

“உட்றாத. செத்தாலும் உட்றாதடா.”

“உடலை மாமா. பேசிட்டே இருங்க.”

கத்திப் பார்த்தேன். வாட்ச்மேன் ரோட்டோரக் கேட்டில் இருப்பார், அவருக்குக் கேட்காது. என் போன் ஆணியில் மாட்டிய சட்டையில் இருந்தது, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்.

அப்போது கூட்டுக்குள் மணி அடித்தது. மாமாவின் போன். அக்காதான். சாப்பாட்டு நேரம் தாண்டினால் கூப்பிடுவாள். மாட்டிய கை பக்கத்துப் பாக்கெட்டில் போன், இடது கை எட்டவில்லை. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. “கொழம்பு ஆறிடுச்சாம்” என்றார் மாமா. சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் பேசுவதை நிறுத்தினார். நான் மாமா, மாமா என்று இரும்புக் கூட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கரண்ட் முன்பே வந்தது. தலைக்கு மேல் பல்பு எரிந்தது, எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. சாப்பிட்டுத் திரும்பிய பாய்லர்காரர் புளோயர் பட்டனை அழுத்தியிருக்கிறார். ஓடவில்லை. “எவன்யா பீஸ புடுங்குனது?” என்று திட்டிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு வாட்ச்மேனையும் அழைத்துவந்தார். மூன்று பேரும் சேர்ந்துதான் சக்கரத்தைப் பின்னால் திருப்ப முடிந்தது. மாமாவை ஆஸ்பத்திரியில் இறக்கிய பிறகு பார்த்தால், பீஸ் கட்டைகள் பதிந்து என் தொடை கன்றிப்போயிருந்தது. எங்கள் பாதுகாப்பின் லட்சணம் அது.

எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை, ஒரு ஸ்பேனரைக்கூடப் பிடிக்காது. அப்புறம் புதுத் தகடு வந்தது, சக்கரத்தைக் கட்ட இரும்புச் சங்கிலியும் வந்தது. கை போன பிறகு எல்லாம் வந்தது.

இப்போது கதவை அகலமாக வெட்டிவிட்டார்கள். ஷட்டவுன் நாளில் நான் உள்ளே, மாமா வெளியே. தகட்டை மூடிவிட்டு, சங்கிலி போட்டு, பூட்டுச் சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டுதான் குந்துகிறேன். அவர் இடது கையால் புல்லியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“சங்கிலி போட்டாச்சுல்ல, கைய எடுங்க மாமா.”

“நீ ஒன் வேலையப் பாரு.”

மதியம் அவருடைய போன் அடிக்கும். வலது கையால் எடுக்க முடியாது, இடது கையைப் புல்லியிலிருந்து அவர் எடுக்க மாட்டார். இது அக்காவுக்கும் தெரியும், இருந்தும் கூப்பிடாமல் அவளால் இருக்க முடிவதில்லை. மணி அடித்து ஓயும்வரை நான் சுரண்டாமல், சாம்பலுக்குள் குந்தியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.