கம்பம் உட்கார்ந்த மத்தியானம்

கடைசியாகத் துணி வாங்கப் போனீர்களே, பத்துத் துணியை விரித்துக் காட்டி, நீங்கள் வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் மடித்து வைத்தாரே ஒருவர், அவர் எதில் உட்கார்ந்திருந்தார்?

உட்காரவில்லை. உட்கார அங்கே எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு கடையில், திரைச்சீலைப் பிரிவில், தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிற்கிறாள் ஒருத்தி. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'கம்பம்'. "எங்க கம்பம் நகர்ந்தா கூரை விழுந்துடும்" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கொஞ்ச காலமாகச் சிரிப்பு வரவில்லை. கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டன. சாயங்காலமானால் செருப்புக்குள் பாதம் நுழையாது. "உங்க பரம்பரைக் காலே அப்படி. தலையெழுத்துக்கு யாரு என்னம்மா பண்ண முடியும்?" என்றார் மாமியார். அவளும் நம்பினாள். மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டாள். வேலை போனால் மகளின் கல்லூரிப் படிப்பும் போகும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. "கரண்ட் வர சாயங்காலம் ஆகுமாம். தூரமா போயிடாதீங்க" என்று மேலாளர் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவை இழுத்துவிட்டார். இவள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போக வழியில்லாமல் கடையின் பின்பக்கம் நடந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டினால் ஏரி. இத்தனை காலமும் அந்தப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஏரிப் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், விருட்டென்று எழுந்து, "வாங்க சார், ஜன்னலுக்கா, வாசலுக்கா?" என்றாள்.

தூண்டிலோடு வந்தவர் திகைத்து நின்றார். "மீனுக்கும்மா."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சுக்குங்க. துணிக்கடையில வேலை. ஆள் வந்தா தானா எழுந்துடுறேன்."

"நல்லா எழுந்தீங்க போங்க. நீங்க நின்னா தண்ணியில நிழல் விழுது, மீன் ஓடிடும். தயவு செஞ்சு உட்காருங்க."

உட்காரச் சொல்லி யாரும் அவளைக் கெஞ்சியதில்லை. உட்கார்ந்தாள். அவர் தள்ளிப் போய்த் தூண்டிலைத் தண்ணீரில் வீசினார். காற்று தண்ணீரில் மடிப்பு வைப்பதும் கலைப்பதுமாக இருந்தது. இதையெல்லாம் மடித்து வைக்க வேண்டியது தன் வேலை இல்லை என்று தோன்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனசு எதையும் கணக்குப் போடாமல் சும்மா கிடந்தது. எப்போது கண் அயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செருப்பை மாட்டினாள். பாதம் தடையில்லாமல் உள்ளே போனது.

அவள் குனிந்து காலையே பார்த்தாள். அதே கால், அதே பரம்பரை. ஒரு மத்தியானத்தில் தலையெழுத்து மாறிவிடுமா என்ன? உட்கார்ந்தாள், வீக்கம் குறைந்தது. கதை அவ்வளவுதான்.

கரண்ட் வந்து திறந்திருந்த கடைக்குள் போனதும் நேரே மேலாளரிடம் சென்றாள். "சார், ஆள் இல்லாத நேரத்துல உட்கார ஒரு ஸ்டூல் வேணும்."

"இதென்னம்மா புதுப் பழக்கம்?"

"போட்டா வேலையில இருப்பேன். இல்லன்னா மாசக் கடைசியோட வேற ஆள் பாத்துக்குங்க."

அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. மேலாளர் தலையைச் சொறிந்தார். "எனக்கென்ன, இப்பவே போடுவேன். வாங்க வர்றவங்க மரியாதைக் குறைவுன்னு நினைப்பாங்களே."

"அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?"

அவர் கேட்டதில்லை. "யாராவது சொல்லட்டும், பார்ப்போம்" என்று நழுவிவிட்டார்.

பழி யார் தலையில் விழுந்திருக்கிறது, பார்த்தீர்களா? ஒருத்தி கால் வீங்க நின்றால்தான் உங்கள் மரியாதை நிற்கும் என்று உங்கள் பெயரால் ஒருவர் முடிவு செய்துவிட்டார். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. எந்தக் கடையானாலும் சரி, அடுத்த முறை உள்ளே நுழைந்ததும், துணியைத் தொடுவதற்கு முன்னால் மேலாளரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.